கட்டுப் போட்டவர்களின் கதை

இந்த முறை சோழர், பாண்டியர் போர்க்கதை எதுவும் இல்லை. ஒரு புண்ணைப் பற்றி எழுதப் போகிறேன். முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புண் எங்கள் அப்பத்தாவுடையது. ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். இருபது வருடமாகச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் மாலை காலைக் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுகிறதே என்று பார்த்தால், வலது உள்ளங்காலில் சீமைக் கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளே நிற்கிறது. எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனபோதா, முந்தின நாளா? "வலிக்கவே இல்லையே தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். முள்ளைப் பிடுங்கி மஞ்சளை அப்பி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து நாளில் வீட்டுக்குள் நாற்றம். பிறகுதான் அப்பாவும் நானும் அவரைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பார்த்த நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். கெட்ட சதையை வெட்டி எடுத்தார், மாத்திரை எழுதினார், "தினம் வந்து கட்டு மாத்திக்குங்க" என்றார். அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்தப் புண்ணைப் பார்த்தவர் டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த சிஸ்டர்தான். முதல் நாளே அப்பத்தா அவரிடமும் "வலிக்கவே இல்லம்மா" என்று பெருமை பேச, அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்பத்தா, வலிக்கலைங்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு லைப்ரரியில் தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. மருத்துவ வரலாறு என்று புத்தகம் எடுத்தால் டாக்டர் பெயர் இருக்கிறது, மருந்தின் பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரி கட்டிய ராஜாவின் பெயர் இருக்கிறது. தினமும் துணியைப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டியவர் பெயர் மட்டும் இல்லை. ஆனால் புண் ஆறுவது மருந்தால் பாதி என்றால், கட்டு மாற்றும் கையால் பாதி. அந்தக் கை எத்தனை இருந்தது, அதற்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் அதுவே ஒரு தனி வரலாறு.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்வெட்டுக்குப் பஞ்சமே இல்லை. குடுமியான்மலையில் இசைக்கே கல்வெட்டு இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக் கல்வெட்டு பார்க்க வேண்டுமானால் வடக்கே போக வேண்டும். காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்று ஒரு ஊர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலை எல்லாவற்றுக்கும் யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆதுலசாலை என்றால் நோயாளிகள் தங்கும் இடம், நம் பாஷையில் ஆஸ்பத்திரி.

ஆதுலசாலையின் ஆட்கள் யார் யார்? ஒரு மருத்துவர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை, விறகு கொண்டுவந்து மருந்து தயாரிக்க இருவர். நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கப் பெண்கள் இருவர். ஒரு நாவிதர், ஒரு தண்ணீர்க்காரர். 15 பேருக்கு இரண்டு நர்ஸ்! ஆயிரம் வருடத்துக்கு முன்னால்!! இந்த விகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சம்பளத்தையும் பாருங்கள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அந்தப் பெண்கள் இருவருக்கும் சேர்த்தே 30 கலமும் 1 காசும். மருத்துவரின் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டர் என்று ஊரோடு கல்லில் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் இல்லை.

கல்வெட்டில் நாவிதரும் ஒரு பணியாளராக வருவது சும்மா முடி வெட்ட மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது, அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பது எல்லாம் ரொம்ப காலம் அவர்கள் கையில்தான் இருந்தது. அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றே பெயர். இங்கிலாந்திலும் இதே கதைதான். 1745 வரை முடி திருத்துவோரும் அறுவை செய்வோரும் லண்டனில் ஒரே சங்கம். அங்கே பிரிந்தவர்கள் சர்ஜன் ஆகி மேலே போனார்கள். இங்கே வித்தை போனது, சாதி இழிவு மட்டும் மிச்சமாக நின்றது.

இனி நம்மூர் வைத்தியம். கையில் அரிவாள் பட்டால் எங்கள் ஊரில் முதலில் தேடுவது வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். வரப்பில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னப் பூ பூத்து நிற்குமே, அதுதான். கசக்கிப் பிழிந்தால் ரத்தம் நிற்கும். இது சங்க காலத்திலிருந்து இருக்கிற மூலிகை என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்வார். உண்மையில் அந்தச் செடியின் தாய்வீடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி! மிளகாய் மாதிரி கடல் தாண்டி வந்து, நம் பெயரை வைத்துக்கொண்டு, நம் வைத்தியத்துக்குள் நுழைந்துவிட்டது. (பெரியவரிடம் சொன்னேன். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.)

ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுகிற பச்சை நிற எண்ணெய். அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் சர்க்கரைப் புண்ணுக்கும் இன்றைக்கும் கொடுக்கிறார்கள். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு, கிருமியைக் கொல்லும். ஆனால் இதையும் தினம் ஒருவர் கழுவித் துடைத்துப் போட்டாக வேண்டும். வீட்டில் அந்த ஒருவர் யார்? அம்மாவோ மருமகளோதான். சாணியை அப்பிக்கொண்டு வந்து ஜன்னி கண்டு செத்தவர்களின் கதையும் ஊருக்கு நாலு இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். ஆங்கில ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுப் போட 'டிரெஸ்ஸர்' என்று ஒரு வேலை இருந்தது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளிலும் அந்தப் பதவி வந்தது. மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போன தமிழர்களுக்கோ டிரெஸ்ஸர்தான் தோட்டத்தின் ஒரே வைத்தியர். காய்ச்சலா, பாம்புக்கடியா, பிரசவமா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் ஓட வேண்டும். கட்டுப் போடுகிறவர் என்ற சொல் அங்கே டாக்டருக்குச் சமமாகிவிட்டது.

ஆனால் பெண்கள் நர்சாகப் போவது லேசாக நடக்கவில்லை. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியதாக நர்சிங் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. வேலூரில் ஐடா ஸ்கடர் டாக்டர் கல்லூரி தொடங்கியது 1918-ல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1909-ல், நர்ஸ் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். கையில் ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்திப் பார்த்தவருக்கு எது முதலில் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் படிக்க வந்தவர்கள் யார்? பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள். மற்ற வீடுகளில், அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதா, சீழையும் மலத்தையும் அள்ளுவதா, அது 'தீட்டு' வேலை ஆயிற்றே என்ற எண்ணம். சீழைத் துடைத்தால் தீட்டு, துடைக்காமல் விட்டால் சாவு. சாவு பரவாயில்லை என்று இருந்திருக்கிறோம்!

விளைவு என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1946-ல் போர் குழு அறிக்கை கொடுத்தது. (போர் என்றால் சண்டை இல்லை, தலைவர் பெயர் ஜோசப் போர்.) பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார். நர்ஸ்? 43,000 பேருக்கு ஒருவர்! நாடு முழுக்க சுமார் 7,000 பேர்தான். நோய் தீர்க்கும் படையில் ஒரு தளபதிக்குப் பத்து சிப்பாய் இருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே ஏழு தளபதிக்கு ஒரு சிப்பாய்.

சிப்பாய் குறைந்தால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போர் நேரடியாகக் காட்டியது. உழுத வயல்களில் நடந்த சண்டை அது. குண்டுச் சிதறலோடு எருமண்ணும் சட்டைத் துணியும் சதைக்குள் போயின. மேலே தைத்து மூடினால் உள்ளே அழுகிச் செத்தார்கள். 1915-ல் அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு சர்ஜனும் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கில வேதியியலாளரும் சேர்ந்து ஒரு முறை கண்டார்கள். கெட்ட சதையை வெட்டி எடு, காயத்தைத் திறந்தே வை, ரப்பர் குழாய்களை உள்ளே விட்டு நீர்த்த பிளீச்சிங் கரைசலால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நனை. சுத்தமான பிறகு தைத்துக்கொள்ளலாம்.

அற்புதமாக வேலை செய்தது. ஆனால் அந்த இரண்டு மணிக்கணக்கைக் கவனியுங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம், ராத்திரியிலும், ஒவ்வொரு படுக்கைக்கும்! யார் செய்வது? பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நிறைய இருந்த ஆஸ்பத்திரியில் அது உயிரைக் காத்தது, இல்லாத இடத்தில் வெறும் குழாயும் பாட்டிலும்தான். பாடப்புத்தகத்தில் இதற்கு 'கேரல்-டேக்கின் முறை' என்று பெயர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர்கள் பெயர், வழக்கம் போல இல்லை.

பிரான்ஸ் எங்கே புதுக்கோட்டை எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் உடனே புரியும். ஏனென்றால் தமிழ்நாட்டில் அதிக வாடிவாசல்கள் எங்கள் மாவட்டத்தில்தான். கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் தொடங்கினால் மாதக்கணக்கில் ஊர் ஊராக ஜல்லிக்கட்டு. விராலிமலையில் 2019 ஜனவரி 20 அன்று ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்து உலக சாதனை என்று அறிவித்தார்கள். அதே நாளில் அங்கே இரண்டு பேர் குத்துப்பட்டு இறந்தார்கள்.

மாட்டுக்குத்து ஏமாற்றுகிற காயம். வெளியே பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை. ஆனால் கொம்பு உள்ளே போன பிறகு மாடு தலையை ஆட்டுமே, அப்போது உள்ளே பல திசையிலும் கிழிந்திருக்கும். மண், சாணி, வேட்டி நூல் எல்லாம் உள்ளே. அதனால் பெரும்பாலும் உடனே தைக்க மாட்டார்கள். நன்றாகத் திறந்து கழுவி, தினம் கட்டு மாற்றி, சில நாள் பொறுத்துத் தைப்பார்கள். 1915-ன் அதே பாடம். டி.டி. ஊசி போட்டுவிட்டு "தையல் போடாம அனுப்பிட்டாங்க" என்று சண்டை பிடிக்கிற மாமன் மச்சான்களை நானே பார்த்திருக்கிறேன். களத்தில் டாக்டர் இருக்கிறார், ஆம்புலன்ஸ் இருக்கிறது, டிவி இருக்கிறது. அடுத்த இருபது நாள் கட்டு மாற்றும்போது டிவி வராது.

சரி, சிஸ்டர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். வலிக்கவில்லை என்பது ஏன் பயம்?

இதற்குப் பதில் கண்டவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர்! பால் பிராண்ட். 1914-ல் அங்கே மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு சர்ஜனாக வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் கை கால் தானாக அழுகி விழும் என்று உலகமே நம்பியது. பிராண்ட் ஒவ்வொரு நோயாளியாகக் கவனித்தார். ஒரு நாள் ஒரு பூட்டு திறக்கவில்லை. அவர் திருகிப் பார்த்து முடியாமல் விட்டதை ஒரு சிறுவன் சாதாரணமாகத் திறந்துவிட்டான். பையன் கையைப் பார்த்தால் சாவி விரலை எலும்பு வரை அறுத்திருக்கிறது. அவனுக்கு வலியே இல்லை. இன்னொரு புதிர்: ராத்திரி தூங்கி எழுந்தால் சிலருக்கு விரல் நுனி காணாமல் போயிருக்கும். ஒரு ராத்திரி கண் விழித்துப் பார்த்ததில், எலி வந்து கடித்துக்கொண்டிருக்கிறது, ஆள் தூங்குகிறார்! அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்களாம்.

ஆக நோய் நேரடியாக விரலைத் தின்னவில்லை. நரம்பைக் கெடுத்து வலியைப் பறித்தது. வலி போனதும் காலில் முள் குத்தினாலும் ஆள் நடந்துகொண்டே இருப்பார், புண் மேலேயே நடப்பார். அப்பத்தா செய்தது அதேதான். சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கிறது, வேறு வழியில்.

நடப்பதை நிறுத்தினால் புண் ஆறும். ஆனால் தினக்கூலிக்காரனை மூன்று மாதம் படு என்றால் சாப்பாடு? இதற்கு ஒரு வழி நம் பக்கத்திலேயே முளைத்தது. 1930-களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற சர்ஜனும், இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவரும் தொழுநோயாளியின் உள்ளங்கால் புண்ணின் மேல் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிப் பார்த்தார்கள். எலும்பு முறிவுக்குப் போடுகிற அதே மாவுக்கட்டு! பாரம் கால் முழுக்கப் பரவிவிடும், புண் மேல் அழுத்தாது, ஆள் நடமாடவும் முடியும். பிராண்ட் வேலூரில் இதைப் பெரிய அளவில் செய்தார். 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் என்ற ஊருக்குப் போனபோது கையோடு கொண்டுபோனார். அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் போட ஆரம்பித்து, இன்று உலகம் முழுக்க உள்ளங்கால் சர்க்கரைப் புண்ணுக்கு அதை முதல்தரமான சிகிச்சைகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டு வைத்தியம் என்று நாம் வாயைப் பிளக்கிற ஒன்று கொழும்பிலும் வேலூரிலும் வளர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. டேக்கின் முறைக்கு இரண்டு மணிக்கு ஒரு கை வேண்டும். மாவுக்கட்டுக்கோ ஒரு தரம் போட்டால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கை வேண்டாம். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்த நாட்டுப் பக்கம் இப்படி ஒரு முறை வளர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்தான்.

வேலூரிலும் காரிகிரியிலும் வந்த இன்னொன்று எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற ரப்பரில் செய்தது, முள் லேசில் ஏறாது. சர்க்கரை டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான்.

கட்டும் முறையிலும் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. புண் காய வேண்டும், தண்ணி படக் கூடாது, காத்தாட விடு… இதுதானே நம் வீட்டுப் பாடம்? 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சின்னக் காயம் போட்டு, பாதியைத் திறந்து விட்டு, பாதியை ஈரம் போகாமல் மூடிப் பார்த்தார். மூடியது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத் தோல் வழி தேடிச் சிரமப்படுகிறதாம். நுரை பொங்கினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நாம் நம்பும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினம் ஊற்றினால் வளர்கிற புதுச் சதையும் சேர்ந்து கெடும். எங்கள் சிஸ்டர் சலைன் தண்ணீரால்தான் கழுவினார். நுரை வராததால் அப்பத்தாவுக்கு ரொம்ப வருத்தம், "நல்ல மருந்த ஒளிச்சு வச்சிக்கிட்டா" என்று பஸ் முழுக்கப் புலம்பல்!

அவர் செய்ததை நான்கு மாதம் பார்த்தேன். பழைய கட்டை வெறுமனே பிய்க்க மாட்டார். சலைன் ஊற்றி ஊறவிட்டுத்தான் எடுப்பார். மோந்து பார்ப்பார். விளிம்பை விரலால் அழுத்தி உள்ளே குழி ஓடுகிறதா என்று பார்ப்பார். "மாட்டுக்கறிச் செவப்பா இருந்தா நல்ல சதை, மஞ்சளா வழுவழுன்னு இருந்தா ஆகாது" என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் கட்டைப் பிரித்ததும், "நேத்து செருப்பில்லாம நடந்தீங்களா?" என்றார். அப்பத்தா முழித்தார். ஒரு ஆளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம். வெளியே பெஞ்சில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பேர். இந்தக் கணக்கிலேயே மூன்று நான்கு மணி நேரம் போய்விடும். நடுவில் ஊசி, வார்டு, பிரசவ கேஸ், ரிஜிஸ்டர் எழுதும் வேலை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், பொது ஆஸ்பத்திரியில் 5 படுக்கைக்கு ஒருவர், லீவுக்கு 30 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும். ராத்திரி ஒரு வார்டுக்குள் போய் நின்று எண்ணிப் பார்த்தால் தெரியும் அந்த விதி எங்கே இருக்கிறது என்று. பல நாள் திருமுக்கூடல் கணக்கே தேவலை போலிருக்கும்.

ஆய்வுக்குழுவுக்குக் குறைவில்லை. 1987-ல் மத்திய அரசு நர்ஸ்களின் நிலை பற்றி ஓர் உயர்மட்டக் குழு போட்டது. தலைவர் நம் சென்னையைச் சேர்ந்த சமூக சேவகி சரோஜினி வரதப்பன், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள். வாரம் 40 மணி நேர வேலை, தங்க இடம், தொடர் பயிற்சி, நர்ஸ் வேலை அல்லாத வேலைகளை அவர்கள் தலையில் கட்டாமல் இருப்பது என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல அறிக்கை. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

2015-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் பரீட்சை எழுதித் தேர்வான ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று பேச்சு. நடக்கவில்லை என்றதும் 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு சம்பளம் படிப்படியாக ஏறியது, நிரந்தரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அப்புறம் கொரோனா. தட்டைத் தட்டினோம், விளக்கேற்றினோம். அந்த நேரத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் சுமார் 2,300 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது என்று அனுப்பினார்கள். புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் நின்று போராடினார்கள். அரசுக்குப் பணச் சிக்கல் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிடம் திறக்க மட்டும் எப்போதும் பணம் கிடைக்கிறதே? எங்கள் ஊரிலேயே 2017 ஜூனில் முள்ளூரில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சந்தோஷம்தான், தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஓடுவது குறைந்தது. பளபளவென்ற அந்த வார்டுகளிலும் கட்டு மாற்ற ஒரு ஆள் வேண்டும்.

புதுக்கோட்டை என்றதும் எல்லோரும் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 1886-ல் இங்கே பிறந்து, மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவில் படித்த முதல் பெண்; 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம்; 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகக் கொண்டாட 2019-ல் தமிழக அரசு அறிவித்தது. வினாடி வினாவில் கேட்டால் நாங்கள் எல்லோரும் கை தூக்குவோம். எங்கள் வகுப்பில் ஒரு நாள் நான் கேட்டேன்: நம் மாவட்டத்தில் வேலை பார்த்த ஒரே ஒரு நர்ஸ் பெயர் சொல்லுங்கள், அந்தக் காலமோ இந்தக் காலமோ. நாற்பது பேரில் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் அது அவரவர் அம்மா.

அப்பத்தாவின் புண் கடைசியில் ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்குச் சுருங்கி, பிறகு மூடியது. கடைசித் தடவை போனபோது டிரெஸ்ஸிங் ரூமில் வேறு ஒருவர் இருந்தார். பழையவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். வீட்டுக் கொல்லையில் காய்த்த முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை அவருக்கென்று கொண்டுவந்திருந்த அப்பத்தா, "எந்த ஊரும்மா? பேரு என்ன சொல்லிக் கேக்கணும்?" என்று புதியவரிடம் கேட்டார். அவர், "எந்த சிஸ்டரைக் கேக்குறீங்க பாட்டி, இங்க ரெண்டு பேர் மாறிப் போனாங்க" என்றார். அப்பத்தா என்னைப் பார்த்தார். நான்கு மாதம் தினமும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை.

முருங்கைக்காயைப் புதியவர் வாங்கிக்கொண்டார். அப்பத்தா இப்போது எம்.சி.ஆர். செருப்புப் போடுகிறார், வீட்டுக்குள்ளும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போவதாகத் தகவல். தேய்ந்துவிடுமாம்.